"என்ன ஆகப்போற"ன்னு கேட்டா "தெரியல"ங்கறா: பத்தாவது படிக்கிற பொண்ணோட அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி: என் பொண்ணுக்கு 15 வயசு, பத்தாவது படிக்கிறா. மார்க் நல்லாவே வாங்குறா. ஆனா காலேஜ்ல என்ன படிக்கப் போற, என்ன வேலைக்குப் போக ஆசைன்னு எப்ப கேட்டாலும் "தெரியலம்மா", அவ்ளோ தான். மேல கேட்டா எழுந்து ரூமுக்குப் போயிடறா. சும்மா இருக்கற நேரத்துல படம் வரைவா, இல்லனா நாய் பூனை வீடியோ பாத்துட்டு இருப்பா. அவ அப்பா கம்ப்யூட்டர் எடுக்கட்டும், வேலை கிடைக்கும்ங்கறாரு. எங்க அக்கா பையன் எட்டாவதுலயே டாக்டர்னு முடிவு பண்ணிட்டான், இப்பவே கோச்சிங் போறான். நாங்க லேட் பண்றோமோன்னு பயமா இருக்கு. விரல் ரேகை எடுத்துப் பாத்து பிள்ளைக்கு எந்தப் படிப்பு செட் ஆகும்னு சொல்ற சென்டர் ஒண்ணு இருக்காம். கூட்டிட்டுப் போகலாமா?

பதில்: வணக்கம்மா. நீங்க கடைசியா கேட்டதுக்கே முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுல தான் உங்க காசு போகும். ரேகை டெஸ்டுக்குப் போகாதீங்க. விரல் ரேகைங்கறது குழந்தை வயித்துல இருக்கும்போதே உருவாகிடற ஒண்ணு, ஒரே கருவுல இருந்து பிறந்த இரட்டைக் குழந்தைங்களுக்கே அது வேற வேறயா இருக்கும், அதுக்கும் ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா, வரைய வருமா, எந்தக் கோர்ஸ் ஒத்து வரும்ங்கறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அறிவியல்ல யாரும் நிரூபிச்சதில்ல. அந்த ரிப்போர்ட்ல வர்றது யாருக்கு வேணா பொருந்தற மாதிரி பொதுவான வரிங்க தான். காசு போறது கூடப் பரவால்ல, 15 வயசுப் பொண்ணு கையில "உனக்கு இது தான் வரும், இது வராது"ன்னு ஒரு பேப்பரைக் குடுத்துட்டா அவ அதை ரொம்ப வருஷம் நம்புவா, எனக்கு அது தான் பயம்.

சரி, இப்ப "தெரியல"க்கு வருவோம். ஸ்கூல் பசங்க கூட மேற்படிப்பு, வேலை பத்திப் பேசறது தான் என் தொழில், அதுல நான் அதிகமா கேக்கற வார்த்தையே இது தான். ஆனா எல்லாரோட "தெரியல"யும் ஒரே "தெரியல" இல்லம்மா. சில பசங்களுக்கு நெஜமாவே தெரியாது, ஏன்னா அவங்க பாத்த வேலைங்களே ஏழெட்டு தான் இருக்கும். சில பேருக்கு நாலஞ்சு பிடிக்கும், ஒண்ணைச் சொல்லிட்டா மத்தது போயிடுமோன்னு வாயத் திறக்க மாட்டாங்க. மூணாவது வகை தான் நீங்க கவனிக்க வேண்டியது, மனசுல ஒண்ணு இருக்கும், சொன்னா வீட்ல சிரிப்பாங்க இல்லனா "அதுல சம்பளம் வராது"ன்னு ஆரம்பிச்சிடுவாங்கன்னு உள்ளயே வச்சிருப்பாங்க. கேட்டதும் எழுந்து ரூமுக்குப் போறாங்கறீங்களே, அதைப் படிச்சப்ப எனக்கு முதல் வகையும் மூணாவது வகையும் கலந்து இருக்கலாம்னு தோணுச்சு. நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா ரெண்டுக்கும் செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

உங்க பொண்ணு மட்டும் இப்படி இல்லங்கறதுக்கு ஒரு தகவல் சொல்றேன். ஓஇசிடின்னு பல நாடுகள் சேந்து நடத்தற ஒரு பொருளாதார அமைப்பு இருக்கு, அது 15 வயசுப் பசங்களோட படிப்பைப் பத்தி நடத்தற பீசாங்கற ஆய்வுல 2018ல அந்தப் பசங்க கிட்ட 30 வயசுல என்ன வேலைல இருப்பீங்கன்னு கேட்டாங்க. 41 நாடுகள்ல வந்த பதில்களைப் பாத்தா பையன்கள்ல 47 சதவீதம், பொண்ணுங்கள்ல 53 சதவீதம் பேர் வெறும் பத்தே பத்து வேலைங்களுக்குள்ள தான் சொல்லியிருந்தாங்க. டாக்டர், டீச்சர், வக்கீல், பிசினஸ் மேனேஜர், இப்படித் தான் அந்த லிஸ்ட். உலகத்துல எத்தனை ஆயிரம் விதமான வேலை இருக்கு, அதுல பாதிப் பசங்க பத்துக்குள்ள நிக்கறாங்கன்னா அதுக்குக் காரணம் ஆசை இல்லாதது இல்ல, மத்த வேலைங்களைப் பாக்காதது தான். அதனால "டாக்டர்"னு பட்டுன்னு சொல்ற பிள்ளை தெளிவா இருக்குன்னும், "தெரியல"ன்னு சொல்ற பிள்ளை குழப்பத்துல இருக்குன்னும் எடுத்துக்காதீங்க. உங்க அக்கா பையனுக்கு நெஜமாவே ஆர்வம் இருக்கலாம், இருந்தா ரொம்ப சந்தோஷம், ஆனா அவனும் ஒரு ஆஸ்பத்திரில ஒரு நாள் பூரா நின்னு பாத்தா நல்லது தான்.

இன்னொரு விஷயம். லிண்டா காட்ஃப்ரெட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1981ல சொன்னது, குழந்தைங்க வேலையைத் தேர்ந்தெடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வேண்டாம்னு கழிக்க ஆரம்பிச்சிடறாங்கன்னு. ஆறுல இருந்து எட்டு வயசுக்குள்ள "இது ஆம்பளைங்க வேலை, இது பொம்பளைங்க வேலை"ன்னு ஒரு ரவுண்டு கழிப்பாங்க, அப்புறம் 13 வயசு வரைக்கும் "இதுக்கு மரியாதை இருக்கா, நம்மால முடியுமா"ன்னு இன்னொரு ரவுண்டு. தனக்கு எது பிடிக்கும்னு உள்ள திரும்பிப் பாக்கறதே அதுக்கு அப்புறம் தான். யோசிச்சுப் பாருங்க, உங்க பொண்ணு இப்ப எதுல இருந்து தேர்ந்தெடுக்கணும்னு உக்காந்திருக்காளோ அந்த லிஸ்டே ஏற்கனவே சுருங்கிப் போன லிஸ்ட். அவளை "சீக்கிரம் சொல்லு"ன்னு அவசரப்படுத்தினா அந்தச் சின்ன லிஸ்ட்ல இருந்து ஏதோ ஒண்ணைச் சொல்லுவா, நீங்களும் நிம்மதி ஆயிடுவீங்க, ஆனா அவ பாக்காதது பாக்காததாவே போயிடும்.

அதனால நான் உங்ககிட்ட கேக்கறது இவ்ளோ தான்: இந்த ரெண்டு மூணு வருஷத்துல அவகிட்ட இருந்து ஒரு பதிலை வாங்கற வேலையை விட்டுடுங்க, அவ பாக்கற வேலைங்களோட எண்ணிக்கையைக் கூட்டுங்க, அப்புறம் எந்தக் கதவும் தெரியாத்தனமா மூடிடாம பாத்துக்கோங்க. முடிவு தானா வரும்னு சொல்லல, முடிவு எடுக்க அவ கையில ஏதாவது இருக்கணுமே, அதுக்குச் சொல்றேன்.

எங்க ஆரம்பிக்கறது? நீங்களே எழுதியிருக்கீங்க, வரையறா, நாய் பூனை வீடியோ பாக்கறான்னு. இதை நீங்க "சும்மா இருக்கற நேரத்துல"ன்னு எழுதினீங்க, எனக்கு அந்த லெட்டர்லயே முக்கியமான வரி அது தான். ஆனா உடனே "அப்போ வெட்னரி டாக்டர் ஆகறியா"ன்னு தாவிடாதீங்க, பெத்தவங்க நிறைய பேர் பண்றது அது. வீடியோல அவளுக்கு எது பிடிக்குதுன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. அடிபட்ட நாய்க்கு வைத்தியம் பண்ணித் தேத்தறதைப் பாக்கறாளா, நாய்க்கு எப்படிப் பழக்கிக் குடுக்கறாங்கன்னு பாக்கறாளா, இல்ல அந்த வீடியோவை எவ்ளோ அழகா எடுத்திருக்காங்க, எடிட் பண்ணியிருக்காங்கன்னு பாக்கறாளா? முதல்லது உடம்பு, நோய், மருந்துப் பக்கம் போகுது, அங்க வெட்னரி டாக்டர் மட்டும் இல்ல, லேப் டெக்னீஷியன் இருக்காங்க, கால்நடை நர்சிங் இருக்கு, தீவனம், சத்துணவு பத்தின படிப்பு இருக்கு. ரெண்டாவது மிருகங்களோட நடத்தை, மனோதத்துவம் பக்கம் போகுது. மூணாவது மீடியா. வரையறதும் அப்படித் தான். பாத்ததை அப்படியே நுணுக்கமா வரையறவங்க வேற, மனசுல இருந்து கதாபாத்திரம் உருவாக்கறவங்க வேற, எழுத்து, கலர், லேஅவுட்னு அடுக்கி அழகு பாக்கறவங்க வேற. மருத்துவப் புத்தகங்களுக்கு உடம்பு உறுப்புகளை வரையறதுக்குன்னே ஒரு தொழில் இருக்கு, மெடிக்கல் இல்லஸ்ட்ரேஷன்னு பேரு, உயிரியலும் தெரியணும் வரையவும் தெரியணும். பிடிச்ச ஒவ்வொண்ணையும் இப்படிப் பிரிச்சுப் பாத்தா தான் உள்ள எந்தப் பகுதி அவளை இழுக்குதுன்னு தெரியும், "எனக்கு நாய் பிடிக்கும்"ங்கறதோட நின்னா ஒண்ணும் தெரியாது.

பிரிச்சுப் பாத்ததுக்கு அப்புறம் அந்த வேலை பாக்கற மனுஷங்க கிட்ட அவ பேசணும். இதை விட பலன் குடுக்கற விஷயம் எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா. 20 நிமிஷம் போதும், போன்ல கூடப் போதும். ஆனா கேள்வி சரியா இருக்கணும். "உங்க வேலை நல்லா இருக்குமா"ன்னு கேட்டா "சூப்பரா இருக்கும்மா, நல்லா படி"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. அதுக்குப் பதிலா "நேத்து காலைல வந்ததுல இருந்து சாயந்திரம் வரைக்கும் என்னென்ன பண்ணீங்க"ன்னு கேக்கச் சொல்லுங்க. இந்த வேலைல எந்தப் பகுதி போரடிக்கும், புதுசா சேர்றவங்க எதுல தடுமாறுறாங்க, நீங்க வந்த வழி இல்லாம வேற எந்த வழியா எல்லாம் இங்க வந்திருக்காங்க, இன்னிக்கு 16 வயசுல இருந்தா இப்பவே என்ன கத்துப்பீங்க, இதெல்லாம் கேக்கணும். வெட்னரி டாக்டர் கிட்டப் பேசிட்டு வந்த பொண்ணுங்க "பாதி நேரம் நாயை வளக்கறவங்க கிட்டத் தான் பேசணுமாம், காசு பத்தியும் பேசணுமாம், சில நேரம் காப்பாத்த முடியாதாம்"னு சொல்லுவாங்க, அதைக் கேட்டு சில பேருக்கு ஆசை போயிடும், சில பேருக்கு இன்னும் கூடும், ரெண்டுமே லாபம் தான். பேசிட்டு வந்த அன்னிக்கே ஒரு நோட்ல மூணு வரி எழுதச் சொல்லுங்க, எது பிடிச்சது, எது பிடிக்கல, அடுத்து யாரைப் பாக்கணும். பின்னாடி காலேஜுக்கு அப்ளிகேஷன் போடும்போது "இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கறீங்க"ன்னு எழுதச் சொன்னா இந்த நோட் தான் கை குடுக்கும், மத்தவங்க அன்னிக்கு ராத்திரி உக்காந்து கற்பனை பண்ணுவாங்க, இவ நடந்ததை எழுதுவா.

அப்புறம் ஏதாவது சின்னதா செஞ்சு பாக்கணும். தெருநாய்களைப் பாத்துக்கற அமைப்பு பக்கத்துல இருந்தா லீவுல ரெண்டு வாரம் போகட்டும், கூண்டு கழுவறதுல இருந்து எல்லாம் பண்ணட்டும், தத்துக் குடுக்கறதுக்கு ஒரு போஸ்டர் வரைஞ்சு குடுக்கட்டும். பிடிக்கலன்னு வந்தா "பாத்தியா, அதுக்குத் தான் சொன்னேன்"னு மட்டும் சொல்லிடாதீங்க. காலேஜ்ல சேந்து ஒரு வருஷ ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறம் பிடிக்கலன்னு தெரியறதுக்கும் லீவுல ரெண்டு வாரத்துல தெரியறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்.

டெஸ்ட் ஏதாவது எடுத்தே ஆகணும்னு தோணுச்சுன்னா ஜான் ஹாலண்ட்ங்கற அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1959ல சொன்ன ஆறு வகை ஆர்வங்களை வச்சு நிறைய கேள்வித்தாள் இருக்கு. கையால செய்யற வேலை, ஆராயற வேலை, கலை, மனுஷங்களுக்கு உதவறது, ஆளுங்களைச் சேத்து ஒரு காரியத்தை நடத்தறது, ஒழுங்கா அடுக்கிக் கணக்கு வச்சுக்கறது, இது தான் அந்த ஆறு. அமெரிக்கத் தொழிலாளர் துறை வேலைங்களைப் பத்தி நடத்தற ஓநெட்ங்கற (O*NET) வெப்சைட்ல 60 கேள்வி இருக்கற கேள்வித்தாள் ஒண்ணு இலவசமாவே இருக்கு. அதுல வர்ற ரிசல்ட் இப்ப அவளுக்கு எதுல ஆர்வம்ங்கறதை மட்டும் தான் சொல்லும், திறமையைச் சொல்லாது, எதிர்காலத்தைச் சொல்லாது. அதுல வர்ற வேலைப் பேருங்கள்ல அவ கேள்விப்படாத அஞ்சைக் குறிச்சுக்கச் சொல்லுங்க, அதுக்கு அது ரொம்ப உபயோகம்.

"பிடிச்சதைக் கண்டுபிடி"ன்னு சொல்ற பழக்கத்துலயும் எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. 2018ல ஓகீஃப், ட்வெக், வால்ட்டன்னு மூணு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆர்வம்ங்கறது உள்ள ஏற்கனவே இருக்கு, நாம கண்டுபிடிக்கணும்னு நினைக்கறவங்க ஒரு பக்கம், ஆர்வம் வளத்துக்கறதுன்னு நினைக்கறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பக்கத்துக்கும் விண்வெளில இருக்கற பிளாக் ஹோல் (கருந்துளை) பத்தி ஒரு நல்ல வீடியோ காட்டினாங்க, எல்லாருக்கும் பிடிச்சது. அப்புறம் அதே விஷயத்தைப் பத்திக் கஷ்டமான ஒரு கட்டுரையைப் படிக்கக் குடுத்தாங்க, ஆர்வம் உள்ளயே இருக்கும்னு நினைச்சவங்களுக்குத் தான் அந்த விஷயத்துல இருந்த ஆர்வம் அதிகமா குறைஞ்சது. கஷ்டமா இருந்தா இது நமக்கானது இல்லன்னு முடிவு பண்ணிடறாங்க. உங்க பொண்ணு ஏதாவது ஒண்ணை ஆரம்பிச்சு மூணாவது வாரம் போரடிக்குதுன்னு சொன்னா, பிடிக்கலயா இல்ல கஷ்டமான கட்டம் வந்திருக்கான்னு அவளோட சேந்து பிரிச்சுப் பாருங்க.

இப்ப அவசரம் எதுல இருக்குன்னு சொல்றேன், ஏன்னா எல்லாத்துலயும் பொறுமையா இருங்கன்னு நான் சொல்லல. பாடம் தேர்ந்தெடுக்கறதுல அவசரம் இருக்கு. ஒரு பாடத்தை இப்ப விட்டுட்டா அப்புறம் எந்தெந்தப் படிப்புக்குப் போக முடியாதுன்னு அந்தந்தக் காலேஜோட சொந்த வெப்சைட்ல இருக்கற தகுதி விதியைப் பாத்துத் தெரிஞ்சுக்கோங்க, ஏஜென்ட் சொன்னாரு, தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு நம்பாதீங்க. பெரும்பாலும் அதிகக் கதவை மூடறது கணக்கை விடறது தான். இன்ஜினியரிங், கம்ப்யூட்டர், பொருளாதாரம், ஆர்க்கிடெக்சர்னு நிறைய இடத்துல கணக்கு கேப்பாங்க. விலங்கு, மருத்துவம் பக்கம் வாய்ப்பை வச்சுக்கணும்னா உயிரியல், வேதியியல், இயற்பியல் மூணும் வேணும். டிசைன், ஆர்ட்ஸ் படிப்பு பலதுக்கும் எந்தப் பாடம் படிச்சிருந்தாலும் சேரலாம், ஆனா வரைஞ்சதோட தொகுப்பு இல்லனா தனி நுழைவுத் தேர்வு கேப்பாங்க, அதனால அவ வரையறதை எல்லாம் தேதி போட்டு இப்ப இருந்தே சேத்து வைங்க. முடிவு தெரியாத பிள்ளைக்கு கணக்கும் உயிரியலும் ரெண்டும் இருக்கற பாடப்பிரிவு கிடைச்சா நல்லது, ஆனா சுமை தாங்க முடியாம ரெண்டுலயும் மார்க் இறங்கும்னா அதையும் யோசிக்கணும், அவளோட வாத்தியார்கள் கிட்டக் கேளுங்க.

காசு. இதை யாரும் பிள்ளைங்க கிட்டப் பேசறதில்ல, கடைசி வருஷம் அட்மிஷன் கிடைச்ச அப்புறம் "நம்மால முடியாதும்மா"ன்னு சொல்றாங்க, அந்த அழுகையை நான் பாத்திருக்கேன். நீங்க ஒரு வருஷத்துக்கு எவ்ளோ குடுக்க முடியும், எவ்ளோ கடன் வாங்கத் தயார்ங்கறதை நீங்களும் அவ அப்பாவும் முதல்ல உக்காந்து பேசிட்டு, பதினொண்ணாவதுலயே அவகிட்ட நம்பரோட சொல்லிடுங்க. காலேஜ் சொல்ற ஃபீஸ் மட்டும் செலவு இல்ல, ஹாஸ்டல், சாப்பாடு, போக வர, புத்தகம், வருஷா வருஷம் ஏத்தற தொகை எல்லாம் சேத்து மொத்தப் படிப்புக்கும் கணக்குப் போடுங்க, அதுல ஸ்காலர்ஷிப்பைக் கழிங்க, அந்த ஸ்காலர்ஷிப் முதல் வருஷத்துக்கு மட்டுமா எல்லா வருஷத்துக்குமா, எவ்ளோ மார்க் குறைஞ்சா நின்னு போகும்னு கேளுங்க. அப்புறம் அங்க சேர்ற 100 பேர்ல எத்தனை பேர் முடிச்சு வெளிய வர்றாங்கன்னு கேளுங்க. கடனும் வாங்கி படிப்பும் பாதில நிக்கறது தான் இருக்கறதுலயே மோசமான நிலைமை, ஃபீஸ் அதிகமான காலேஜை விட அது மோசம்.

அவ அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை. அவர் கம்ப்யூட்டர்னு சொல்றது பொண்ணு நாளைக்கு யார் கையையும் எதிர்பாக்காம இருக்கணும்னு தான், அந்தக் கவலை நியாயமானது, அதை நீங்களும் உங்க பொண்ணும் சேந்து ஒதுக்கிடாதீங்க. அவர் கேக்கறது வருமானம் உறுதியாங்கற கேள்வி, அந்தக் கேள்வியை அவளே எடுத்துக்கிட்டு, அவளுக்குப் பிடிச்ச ஒவ்வொண்ணுலயும் ஆரம்பச் சம்பளம் என்ன, வேலை கிடைக்க எவ்ளோ நாள் ஆகுதுன்னு அந்த ஆளுங்க கிட்டயே விசாரிச்சு அவர்கிட்ட வந்து சொல்லட்டும். அதே மாதிரி கம்ப்யூட்டர்ங்கறதும் ஒரே வேலை இல்ல, ஆப் ஸ்கிரீன் எப்படி இருக்கணும்னு டிசைன் பண்றவங்க நாள் பூரா வரைஞ்சுட்டுத் தான் இருக்காங்க, அவர் அந்தத் துறைல யாரையாவது அவளுக்கு அறிமுகப்படுத்தி வைக்கட்டும். அப்பா சொல்றதும் பாத்துட்டு வர வேண்டிய ஒண்ணா ஆயிடும், வீட்ல சண்டையும் குறையும்.

திட்டம் போட்டாலும் எதிர்பாராதது வரும், அதுக்கும் இடம் விடணும். அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில ப்ரொஃபசரா இருந்த ஜான் க்ரம்போல்ட்ஸ், தான் காலேஜ் படிச்சப்ப எதை மெயினா எடுக்கறதுன்னு தெரியாம தன்னோட டென்னிஸ் கோச் கிட்டப் போய்க் கேட்டாராம், அந்தக் கோச் அந்தக் காலேஜ்லயே சைக்காலஜி ப்ரொஃபசர், அதனால சைக்காலஜி எடுத்தாரு. பின்னாடி வேலைத் தேர்வு ஆராய்ச்சில பெரிய பேர் வாங்கினவங்கள்ல ஒருத்தர் ஆனாரு. 1999ல கேத்லீன் மிட்செல், அல் லெவின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கூடச் சேந்து அவர் எழுதினது, தற்செயலா வர்ற வாய்ப்பைப் பயன்படுத்திக்கறதுக்குத் தேவையான பழக்கங்களைச் சொல்லிக்குடுக்க முடியும்னு. கேள்வி கேக்கற ஆர்வம், முட்டி மோதி நிக்கறது, வளைஞ்சு குடுக்கறது, நல்லது நடக்கும்ங்கற நம்பிக்கை, முடிவு தெரியாமலே ஒரு அடி எடுத்து வைக்கற துணிச்சல். தெரியாத ஒருத்தருக்குப் போன் பண்ணி 20 நிமிஷம் பேசற பொண்ணு இதுல மூணையாவது கத்துக்கிட்டிருப்பா.

பேசற விதத்தை மட்டும் கொஞ்சம் மாத்துங்கம்மா. சொந்தக்காரங்க முன்னாடி "இவளுக்கு ஒண்ணுமே தெரியல"ன்னு சொல்லாதீங்க, அவ அதைக் கேட்டுட்டுத் தான் இருப்பா. எதிர்ல உக்கார வச்சுக் கேக்காம எங்கயாவது சேந்து போகும்போது, பாத்திரம் கழுவும்போது பேசுங்க, "என்ன ஆகப்போற"ங்கறதை ஆறு மாசத்துக்குக் கேக்காதீங்க, "இந்த வாரம் எதுல நேரம் போனதே தெரியல"ன்னு கேளுங்க. அவ ஏதாவது சொன்னா உடனே சம்பளம், சீட்டுன்னு போகாம "அதுல உனக்கு எது பிடிச்சது"ன்னு இன்னொரு கேள்வி மட்டும் கேட்டுட்டு நிறுத்திக்கோங்க. வரையறது, வீடியோ எல்லாத்துலயும் ஆர்வம் விட்டுப்போய், தூக்கம் சாப்பாடு மாறி, ஃப்ரெண்ட்ஸ் கிட்டயும் பேசாம வாரக்கணக்குல இருந்தான்னா அது வேலை பத்தின குழப்பம் இல்ல, அப்போ தாமதிக்காம டாக்டர் கிட்டக் காட்டுங்க. உங்க லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல, இருந்தாலும் சொல்லி வைக்கறேன்.

இந்த மாசத்துக்கு ரெண்டு வேலை போதும். பாடப்பிரிவு எந்தத் தேதிக்குள்ள சொல்லணும்னு ஸ்கூல்ல கேட்டுக் காலண்டர்ல எழுதுங்க, அது உங்க வேலை. பக்கத்துல இருக்கற ஒரு வெட்னரி டாக்டர் கிட்டயோ டிசைன் வேலை பாக்கற ஒருத்தர் கிட்டயோ நேரம் கேட்டுப் போன் பண்றது அவ வேலை, கூச்சமா இருக்குன்னு சொன்னா என்ன பேசணும்னு ரெண்டு பேரும் சேந்து எழுதிக்கோங்க, ஆனா அவளே பேசட்டும். அவங்க மறுத்துட்டா அடுத்த ஆளைக் கேக்கலாம். போய்ட்டு வந்ததும் அவ நோட்ல எழுதின மூணு வரியை, அவ சரின்னு சொன்னா மட்டும், எனக்கு அனுப்புங்க, அதை வச்சு அடுத்து யாரைப் பாக்கலாம்னு சொல்றேன்.